ஒரே நீருக்குப் பல கணக்குகள்
பாலாற்றுப் படுகையில் அரசுத் துறைகள் கூடித் திட்டமிடுவது எப்படி?

காஞ்சிபுரம் நகரின் ஊடே வேகவதி ஓடுகிறது. நகருக்குத் தெற்கே பாலாறு கிழக்கு நோக்கிச் செல்கிறது. இவ்விரண்டோடும் செய்யாறு வந்து கலக்கும் திருமுக்கூடல் வாலாஜாபாத்துக்கு அருகே அமைந்திருக்கிறது. இத்தனை ஆறுகள் சூழ்ந்திருந்தும் ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் காட்சியை இப்பகுதி கண்டதில்லை. பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும் இந்த ஆறுகளில், மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டுமே பெருகிவரும் வெள்ளத்தைக் கால்வாய்களால் திருப்பித் தேக்கிவைக்கும் ஏரிகளும், ஆற்று மணலுக்கு அடியில் ஊறி நிற்கும் நீரும்தான் இங்கு உழவுக்கும் ஊருக்கும் ஆதாரமாக இருந்துவருகின்றன. காஞ்சிபுரம் நகரத்தின் குடிநீரே ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் பாலாற்றுப் படுகையிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஆகவே இந்த நீரைப் பற்றி எந்தத் துறை எந்த முடிவை எடுத்தாலும், அது வேறொரு துறையின் கணக்கைத் தொடாமல் போவதில்லை.

பன்னோக்கு நீர்வளத் திட்டம் என்பது, ஒரே கட்டுமானத்தைக் கொண்டோ ஒன்றோடொன்று இணைந்த பல கட்டுமானங்களைக் கொண்டோ பாசனம், குடிநீர், வெள்ளத் தடுப்பு, மின் உற்பத்தி, மீன் வளர்ப்பு, நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் முதலிய பல பயன்களைப் பெறுவதற்காக வகுக்கப்படும் திட்டமாகும். பட்டியலாகப் படிக்கும்போது இந்தப் பயன்கள் ஒன்றுக்கொன்று துணைபோவன போலத் தோன்றினாலும், நடைமுறையில் அவை ஒரே நீரிடம் எதிரெதிரான செயல்களை வேண்டுகின்றன. வெள்ளத்தைத் தடுக்க நீர்த்தேக்கம் மழைக்கு முன் ஓரளவு காலியாக இருக்க வேண்டும். கோடைக் குடிநீருக்கு அது மழை ஓயும்போது நிரம்பியிருக்க வேண்டும். உழவர் பயிரின் பருவம் பார்த்து மதகைத் திறக்கச் சொல்கிறார். மீன்பாசியைக் குத்தகை எடுத்தவர் அடியில் சிறிதளவேனும் நீர் நிற்க வேண்டும் என்கிறார். இந்த முரண்பாடுகளைக் கட்டுமானம் தீர்த்துவைப்பதில்லை. கட்டுவதற்கு முன்பே சம்பந்தப்பட்ட அரசு அமைப்புகள் கூடி, எந்தக் காலத்தில் எந்தப் பயன் எதற்கு வழிவிடும் என்பதை எழுத்தில் வரையறுப்பதே திட்டமிடலின் சாரமாகும்.

ஏரி யாருடையது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் 381 ஏரிகள் உள்ளன; 2019இல் இதிலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் 528 ஏரிகள் உள்ளன. ஓர் ஏரியின் நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு ஆயக்கட்டு எனப்படும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு கொண்ட ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. ஆனால் ஏரிகள் தனித்தனியாக இயங்குவதில்லை. மேலேரியின் கலங்கலில், அதாவது உபரிநீர் வழியும் அமைப்பில், வழியும் நீரே கீழேரிக்கு வரத்தாகிறது. இப்படிச் சங்கிலித்தொடராக அமைந்த ஏரிகளில் ஒன்று ஒரு துறையிடமும் அடுத்தது மற்றொரு துறையிடமும் இருக்கும்போது, ஒன்றைத் தூர்வாரிவிட்டு இடையிலுள்ள வரத்துக்கால்வாயை விட்டுவிட்டால் செலவழித்த பணத்துக்குப் பயன் கிடைப்பதில்லை.

ஒரே ஏரிக்குள்ளும் பல துறைகளின் கைகள் இருக்கின்றன. கரையும் மதகும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. ஏரி நிலத்தின் எல்லையைப் பதிவேடு பார்த்துச் சொல்வதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் வருவாய்த் துறையைச் சார்ந்தவை. ஏரிக்குள் வளர்க்கப்பட்ட கருவேல மரங்கள் சமூகக் காடு வளர்ப்பின்கீழ் வனத்துறையின் கணக்கில் வருகின்றன. மண் எடுப்பதற்கான அனுமதி கனிமவளத் துறையின் வழியாகச் செல்கிறது. ஏரியில் வந்து சேரும் கழிவுநீர் உள்ளாட்சியின் பொறுப்பாகவும், அதன் தரத்தைச் சோதிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பணியாகவும் இருக்கிறது. ஆயக்கட்டில் என்ன பயிர் ஏறுகிறது என்பதை வேளாண்மைத் துறை கவனிக்கிறது. காஞ்சியின் கோயில் குளங்களோ இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளவை. ஆனால் அவற்றுக்கு மழைநீரைக் கொண்டுவர வேண்டிய கால்வாய்கள் நகரின் தெருக்களினூடே செல்வதால் மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்குகின்றன. இவற்றில் எந்தத் துறையும் தன் விதியை மீறுவதில்லை. ஆயினும் எல்லாத் துறைகளும் தத்தம் விதிப்படி நடந்துகொள்ளும்போதே ஓர் ஏரி கெட்டுப்போக முடியும் என்பதே இந்த அமைப்பின் சிக்கலாகும்.

இந்தப் பிரிவினை எப்போதும் இருந்ததன்று. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொ.ஆ. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்து, அவர்களிலிருந்தே ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றை அமைத்த முறையை விவரிக்கின்றன. ஏரியைக் கவனித்தவர்களும் தோட்டத்தைக் கவனித்தவர்களும் தனித்தனி வாரியத்தினராயினும் ஒரே சபைக்கு விடை சொல்ல வேண்டியவர்களாக இருந்தனர். அச்சபையில் இடம்பெற நிலமும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்ததால் அதை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடுவது பொருந்தாது. எனினும் வேலையைப் பிரித்துக்கொண்டு பொறுப்பை ஒன்றாக வைத்துக்கொண்ட ஏற்பாடு என்ற அளவில் அது கவனத்துக்குரியது. பிரிட்டிஷ் ஆட்சியில் பொதுப்பணித் துறை உருவாகி, வாலாஜாபேட்டை அருகே 1858இல் பாலாற்று அணைக்கட்டு கட்டப்பட்டு, அதிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஆகிய கால்வாய்கள் பிரிந்தபோது, ஆற்றையும் நூற்றுக்கணக்கான ஏரிகளையும் இணைத்த பெரிய வலையின் கட்டுப்பாடு ஊர்ச்சபைகளின் எல்லைக்கு அப்பால் சென்றது. வலை பெரிதானதற்கேற்ப அலுவலகங்களும் பெருகின. அவற்றை மீண்டும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்கான முயற்சிகள் அதற்கு நெடுங்காலம் கழித்தே தொடங்கின.

படுகையை அலகாகக் கொள்ளுதல்

அம்முயற்சிகளில் தமிழ்நாட்டில் விரிவாக நடந்தது, உலக வங்கியின் கடனுதவியோடு 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டமாகும். ஏறத்தாழ 2,547 கோடி ரூபாயில் வகுக்கப்பட்ட இத்திட்டம், மாவட்டத்தை விட்டுத் துணைப்படுகையை அலகாக எடுத்துக்கொண்டது. ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் முழு நிலப்பரப்பு படுகை. அதன் கிளையாறு ஒன்றுக்கு நீர் தரும் பகுதி துணைப்படுகை. தமிழ்நாட்டின் 17 ஆற்றுப் படுகைகளுள் அடங்கிய 127 துணைப்படுகைகளில் 63 இத்திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நீர் அரசின் மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை என்பதால், மேலேரியையும் கீழேரியையும் அவற்றை இணைக்கும் கால்வாயையும் ஒரே திட்ட ஆவணத்தில் வைத்துப் பார்க்க இந்த அலகு இடம் தந்தது.

பொதுப்பணித் துறையின் நீர்வள அமைப்பு தலைமைப் பொறுப்பை ஏற்க, வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல், வேளாண் விற்பனை, கால்நடை, மீன்வளம் ஆகிய துறைகளும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றன. பல துறை அலுவலர்கள் ஒரே இடத்திலிருந்து பணியாற்றும் தனித் திட்ட அலுவலகம் ஒன்று சென்னையில் அமைக்கப்பட்டது. வழக்கமான முறையில், பொறியாளர் கால்வாயைச் சீரமைத்துவிட்டுச் சென்ற பிறகு வேளாண் அலுவலர் தம் சொந்த இலக்கோடு அந்த ஊருக்கு வருவார். இங்கோ எந்தக் கால்வாய் சீராகிறதோ அதன் ஆயக்கட்டிலேயே திருந்திய நெல் சாகுபடியும் சொட்டுநீர்ப் பாசனமும் முன்வைக்கப்பட வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. கால்வாயில் சேமித்த நீர் வயலில் வீணானால் முதல் செலவுக்கு அர்த்தமில்லை. வயலில் மிச்சமாகும் நீர் கடைமடைக்குப் போய்ச் சேரக் கால்வாய் இல்லையென்றால் இரண்டாம் செலவுக்கு அர்த்தமில்லை. இவ்விரண்டையும் இணைப்பதற்காகவே, 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கும் திட்டத்தில் இடம் தரப்பட்டது. இதன் தொடர்ச்சியாக 2017இல் உலக வங்கியின் ஒப்புதல் பெற்ற அடுத்த திட்டம், 66 துணைப்படுகைகளில் 4,778 ஏரிகளையும் 477 அணைக்கட்டுகளையும் சீரமைப்பதை இலக்காகக் கொண்டது.

துறைகளின் ஒத்துழைப்பு எங்கே நிலைக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதைக் காஞ்சியின் தறியே விளக்கும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறப் பாவுகளால் ஆனவை. உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்குத் தனி நாடாக்களும் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓட்டத்திலும் இரண்டு ஊடை இழைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால்தான் கரை உடலோடு நிற்கிறது. அலுவலகங்களும் இப்படித்தான், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தால் இணைப்பு உண்டாவதில்லை, நிதி ஒதுக்கீடு, நீர் திறக்கும் நாள், பராமரிப்பு ஆகிய ஒவ்வொரு முடிவிலும் அது பின்னப்பட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கடனின் நிபந்தனையாக வந்த கூட்டு அலுவலகம் திட்டக் காலம் முடிந்ததும் கலைகிறது. துறைகள் தத்தம் பழைய கோப்புகளுக்குத் திரும்புகின்றன. அப்போதும் நீடிக்கக்கூடிய ஏற்பாடு எது என்பதே இத்தகைய திட்டங்களை அளக்கும் உண்மையான அளவுகோல்.

எழுதப்பட்ட பங்கும் எழுதப்படாத இடமும்

மாநிலங்களுக்கிடையே இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சென்னையின் குடிநீருக்காகக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டம், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணாவில் தத்தம் பங்கிலிருந்து தலைக்கு 5 டி.எம்.சி. தருவதாக 1976இல் ஒப்புக்கொண்டதிலிருந்து தொடங்குகிறது. டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். மொத்தம் 15 டி.எம்.சி.யில் வழியில் ஆவியாகியும் கசிந்தும் போகும் அளவு 3 எனக் கழித்து, தமிழ்நாட்டு எல்லையில் 12 டி.எம்.சி. அளந்து தரப்பட வேண்டும் என்றும், அதில் 8 ஜூலை முதல் அக்டோபர் வரையிலும் 4 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் வர வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. 1983இல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஸ்ரீசைலத்திலிருந்து பென்னாற்றின் சோமசிலா நீர்த்தேக்கம் வழியாகக் கண்டலேறு வரையும், அங்கிருந்து பூண்டி வரையும் கால்வாய் அமைந்தது. 1996இல் நீர் பூண்டியை அடைந்தது.

இந்தக் கால்வாய் சென்னைக்கு மட்டும் வெட்டப்பட்டிருந்தால் ஆந்திரத்துக்கு அதில் அக்கறை இருந்திருக்காது. ராயலசீமையிலும் நெல்லூரிலும் பல லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரும் திட்டமாகவும் அது விரித்து வகுக்கப்பட்டதால்தான், தன் எல்லைக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்வாயை வெட்டிப் பராமரிக்க ஒரு மாநிலத்துக்குக் காரணம் கிடைத்தது. பல நோக்கங்கள் இங்கே ஒத்துழைப்புக்கான விலையாகவே சேர்க்கப்பட்டன. பல ஆண்டுகளில் 12 டி.எம்.சி. முழுமையாக வந்து சேரவில்லை என்பது உண்மை. ஆயினும் எவ்வளவு குறைந்தது என்று கேட்பதற்கு ஓர் எண்ணும், அளப்பதற்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஓர் உடன்படிக்கையும் இருக்கின்றன.

பாலாற்றிலோ நிலைமை வேறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வயலூரில் கடலைச் சேரும் இந்த ஆற்றுக்கு, 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் உடன்படிக்கையே அடிப்படை ஆவணமாகச் சுட்டப்படுகிறது. சென்னை மாகாணத்தின் முன்அனுமதியின்றி மேற்புறத்தில் புதிய அணை கட்டலாகாது என்பது அதன் சாரம். ஆனால் மூன்று மாநிலங்களும் கூடி வறட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்று வகுக்கும் அமைப்பு எதுவும் இவ்வாற்றுக்கு இல்லை. குப்பத்துக்கு அருகே அணை கட்ட ஆந்திரம் முனைந்தபோது தமிழ்நாடு 2006இல் உச்ச நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளைக் கூட்டாகத் திட்டமிட உதவும் ஆலோசனை வாரியங்களை அமைப்பதற்காக 1956இல் நாடாளுமன்றம் ஆற்று வாரியச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்கீழ் ஒரு வாரியம்கூட இன்றுவரை அமைக்கப்படவில்லை.

ஆற்றுக்கென ஒரே அதிகார அமைப்பை உருவாக்கிவிட்டால் போதும் என்ற கருத்துக்கும் இந்தியாவில் சோதனை நடந்திருக்கிறது. 1943இல் வங்காளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்துக்குப் பின், அமெரிக்காவில் 1933இல் நிறுவப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, மத்திய அரசும் பீகாரும் மேற்கு வங்கமும் கூட்டாகப் பொறுப்பேற்ற தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் பிறந்தது. பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றுக்கிடையே செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறையைச் சட்டத்திலேயே வகுத்தது அதன் சிறப்பு. ஆனால் மைத்தான், பஞ்செட் நீர்த்தேக்கங்களில் வெள்ளத்தைத் தாங்கவென வடிவமைக்கப்பட்ட உச்ச மட்டம் வரைக்குமான நிலம் முழுவதும் கையகப்படுத்தப்படவில்லை. நிலம் மூழ்குவது மேல் மாநிலத்தில், வெள்ளத்திலிருந்து தப்புவது கீழ் மாநிலத்தில் என்றிருந்ததால், கட்டிய அணையின் வெள்ளக் கொள்ளளவை முழுதாகப் பயன்படுத்த இயலாத நிலை நீடித்தது. ஒரே அலுவலகம் அமைந்தாலும், இழப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான கணக்கு தீராவிட்டால் நோக்கங்களில் ஒன்று பெயரளவில் நின்றுவிடும் என்பதற்கு இது சான்று.

நிரப்புவதா, காலியாக வைப்பதா?

அந்தக் கணக்கு தீராததன் விளைவைக் காஞ்சிபுரம் மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் 2015இல் கண்டது. பாசன ஏரியாக இருந்து சென்னையின் குடிநீர்த் தேக்கமாக மாறிய இதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3.645 டி.எம்.சி. குடிநீர்த் தேக்கத்தை நிரப்புவது பொறுப்புள்ள நிர்வாகத்தின் இயல்பு. ஆனால் அதே ஏரியின் உபரிநீர் அடையாற்றின் வழியாக மக்கள் நெருங்கி வாழும் நகரத்துக்குள் செல்வதால், பெருமழை வரும் முன் ஏரியில் வெற்றிடம் வைத்திருப்பதும் அதே நிர்வாகத்தின் கடமையாகிறது. ஏரியை நடத்துவது நீர்வளப் பொறியாளர்கள், நீரை எடுப்பது சென்னைக் குடிநீர் வாரியம், மழையை முன்னறிவிப்பது மத்திய அரசின் வானிலை ஆய்வுத் துறை, மக்களை வெளியேற்றுவது வருவாய்த் துறையும் உள்ளாட்சிகளும். டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையின்போது விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. நீர் வெளியேற்றத்தைக் கையாண்ட விதத்தை, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கடுமையாக விமர்சித்தது. இன்ன தேதியில் இன்ன மட்டத்துக்கு மேல் நீர் நிற்கலாகாது என்று மாதவாரியாக வகுக்கும் இயக்க விதி எத்துணை இன்றியமையாதது என்பது அதன்பின் பொதுவிவாதமாயிற்று.

முன்கூட்டியே வகுக்க வேண்டிய இந்தத் தேவை கட்டுமானத்தின் இடத்தேர்வுக்கும் பொருந்தும். பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்த நிலப்பரப்பில் ஏரிகளும், கீழ்ப்புற ஏரிகளுக்கு நீர் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாயின் வழித்தடமும் அடங்கியிருந்ததால், நீரோட்டத்தை ஆராய அரசு பின்னர் நிபுணர் குழுவை அமைத்தது. கட்டுமானத்தின் இடம் முதலிலும் நீரின் வழி பிறகும் ஆராயப்படும்போது, நீர்வளத் துறை கேட்கப்படும் கேள்வி ‘இங்கே கட்டலாமா’ என்பதிலிருந்து ‘இங்கே கட்டுவதற்கு என்ன செய்யலாம்’ என்பதாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் இப்படுகையிலேயே உண்டு. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வயலூரில் 2019இல் எழுந்த தடுப்பணை, அணுசக்தித் துறையின் நிதியுதவியோடு தமிழகப் பொதுப்பணித் துறையால் கட்டப்பட்டது. கல்பாக்கம் அணுசக்தி வளாகம் தன் நன்னீருக்குப் பாலாற்று மணற்படுகையை நம்பியிருப்பதால் கடல்நீர் உட்புகுவதைத் தடுப்பது அதற்குத் தேவையாக இருந்தது. அதே தடுப்பு சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் ஊறல் தந்தது. பயன்பெறுபவர் செலவை ஏற்கவும், ஆற்றுக்குப் பொறுப்பான துறை கட்டவும், பலன் பொதுவில் சேரவும் வழி செய்த ஏற்பாடு அது. அதன் சிறிய அளவும் தெளிவான நோக்கமுமே அதை எளிதாக்கின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீரின் அளவு தீர்ந்தாலும் தரம் எஞ்சி நிற்கிறது. மேற்புறத்தில் வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்துபவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதிசெய்தது. காஞ்சியில் பட்டுக்குச் சாயமேற்றும் நீரும் வீடுகளின் கழிவுநீரும் வேகவதியின் வழியாகப் பாலாற்றையே அடைகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் மாநகராட்சியையும் கைத்தறித் துறையையும் வெளியே நிறுத்திவிட்டு நீர்வளத் துறை மட்டும் வகுக்கும் எந்தத் தடுப்பணையும், நல்ல நீரோடு கழிவையும் சேர்த்தே தேக்கும்.

ஆகவே ஒரு பன்னோக்குத் திட்ட அறிக்கை வெளிவரும்போது பொதுமக்களும் பாசனச் சங்கத்தாரும் அதில் தேட வேண்டியவை சிலவே. மழை பொய்க்கும் ஆண்டில் பாசனம், குடிநீர், தொழில் ஆகியவற்றுள் எது முதலில் குறைக்கப்படும், எவ்வளவு குறைக்கப்படும். மழை மிகும்போது மதகைத் திறக்க ஆணையிடுபவர் யார், அவருக்கு முன்னறிவிப்பு எங்கிருந்து எத்தனை மணி நேரத்துக்கு முன் வரும். நிலமோ நீரோ இழப்பவருக்கு, பலன் பெறுபவரிடமிருந்து ஈடு எப்படிச் சேரும். திட்ட அலுவலகம் கலைந்த பிறகு பராமரிப்புச் செலவு எந்தத் துறையின் எந்தக் கணக்கில் எழுதப்படும். இந்த நான்கு கேள்விகளுக்கும் துறைகள் கையெழுத்திட்ட விடை இருந்தால், அணை சிறிதாயினும் திட்டம் பன்னோக்குத் திட்டமாகும். இவற்றை விட்டுவிட்டு நோக்கங்களை மட்டும் வரிசையாக அடுக்கிய அறிக்கை, முதல் வறட்சியிலோ முதல் வெள்ளத்திலோ அந்த முடிவுகளை அவசரத்தில் எடுக்கும் பொறுப்பை மதகடியில் நிற்கும் ஓர் உதவிப் பொறியாளரின் தலையில் இறக்கிவைக்கிறது.